டியூப் இல்லாத ஊரிலிருந்து டியூப் ஞாபகங்கள்

உங்களுக்குத் தெரியுமா?

வட லண்டனின் எட்மண்டனில் ஒரு டியூப் நிலையம்கூடக் கிடையாது. தெற்கே விக்டோரியா லைன் செவன் சிஸ்டர்ஸ் வரை வந்து, டொட்டன்ஹாம் ஹேலைத் தொட்டு, வால்தம்ஸ்டோ பக்கம் திரும்பிவிடுகிறது. மேற்கே பிக்காடில்லி லைன் வுட் கிரீன், பவுண்ட்ஸ் கிரீன், ஆர்னோஸ் குரோவ் என்று ஒதுங்கியே போகிறது. எட்மண்டன் கிரீனிலும் சில்வர் ஸ்ட்ரீட்டிலும் நிற்பது ஓவர்கிரவுண்ட். அதற்கு வீவர் லைன் என்று பெயர் வைத்ததே 2024இல்தான். சர்ச் ஸ்ட்ரீட் நாகபூஷணி அம்பாள் கோயிலுக்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு வழி சொல்கிறவர்கள், "செவன் சிஸ்டர்ஸிலை இறங்கி பஸ் எடுங்கோ" என்றுதான் முடிப்பார்கள். பக்கத்து ஊர்க்காரனுக்குத்தான் திருவிழா நன்றாகத் தெரியும் என்பார்கள். அந்தத் துணிச்சலில், லண்டன் சுரங்க ரயில் தொலைத்த சில பழைய சங்கதிகளை இந்த வாரம் பார்ப்போம்.

*

அந்த பஸ்களிலிருந்தே தொடங்கலாம். எட்மண்டன் வழியாக ஓடும் 149, 259, 279 ஆகிய இலக்கங்கள் எங்கிருந்து வந்தன? 1961 வரை இதே சாலையில், தலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓசையின்றி ஓடியவை டிராலிபஸ்கள். அவற்றின் இலக்கங்கள் 649, 659, 679. டீசல் பஸ் வந்தபோது முதல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். டிராலிபஸ்ஸுக்கும் முன்னால் டிராம் ஓடியது. அதன் அடையாளமாக டிராம்வே அவென்யூ என்ற தெரு இன்னும் இருக்கிறது. தண்டவாளம் மட்டும் இல்லை.

*

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்காகக் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே ஏழைகளின் வீடுகளை இடிக்க நேர்ந்தபோது, நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. எட்மண்டனிலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் தொழிலாளர்களுக்குத் தனி ரயில் விட வேண்டும், போக வர இரண்டு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது என்றது 1864ஆம் ஆண்டுச் சட்டம். வயல்வெளியாகக் கிடந்த எட்மண்டன், வரிசை வீடுகள் நெருங்கிய ஊராக மாறியதில் அந்த மலிவுக் கட்டணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1920இல் அதே பாதையில் 'ஜாஸ்' ரயில்கள் வந்தன. பாட்டுக் கச்சேரி ஒன்றும் இல்லை. முதல் வகுப்புப் பெட்டியின் மேல் மஞ்சள் பட்டை, இரண்டாம் வகுப்புக்கு நீலப் பட்டை. ஓடி வருகிறவர் தன் பெட்டியை நின்று தேடாமல் நிறத்தைப் பார்த்து ஏறிவிடலாம். நீராவி எஞ்சினை வைத்துக்கொண்டே அந்த அடர்த்தியில் புறநகர் ரயில் ஓட்டியதை உலகமே வியந்தது. மின்சாரம் வந்தது 1960இல்.

*

எட்மண்டனின் தெற்கு எல்லையை ஒட்டிய நார்தம்பர்லண்ட் பார்க்கில் விக்டோரியா லைன் ரயில்கள் இரவில் உறங்கும் பணிமனை இருக்கிறது. அந்த லைன் வானத்தைப் பார்க்கும் ஒரே இடம் அதுதான். மற்ற இடமெல்லாம் சுரங்கம். ஆனால் பயணிகளுக்கு அங்கே அனுமதியில்லை, ஊழியர்களுக்கு மட்டும்தான். ரயில் நம் பக்கத்தில் வந்து தூங்குகிறது, நாமோ அதைப் பிடிக்க பஸ் ஏறிப் போகிறோம். இந்த அநியாயத்தைப் பற்றி யாராவது ஒரு நல்ல நகைச்சுவைக் கதை எழுதலாம்.

*

செவன் சிஸ்டர்ஸ் பிளாட்பாரத்தில் இருக்கைக்குப் பின்னால் உள்ள ஓடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஏழு மரங்கள். வரைந்தவர் ஹான்ஸ் உங்கர். அடுத்த நிலையமான டொட்டன்ஹாம் ஹேலில் லீ ஆற்றுத் தோணித்துறை. அது எட்வர்ட் பாடன் வரைந்தது. 1968இல் லைன் திறந்தபோது நிலையத்துக்கு ஒரு படம் என்று வைத்தார்கள். இவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. மிகச் சில பழைய சங்கதிகளுக்கே அந்த அதிர்ஷ்டம்.

*

ரயிலில் கார்ட் இல்லாமல் பயணிப்பதை நம்மவர்களால் எளிதில் கற்பனை செய்ய முடியாது. பச்சைக் கொடி அசைந்தால்தானே யாழ்தேவி நகரும்! 1990இல் நின்றுபோன அந்தக் கோச்சி 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோதும் கார்டோடுதான் வந்தது.

விக்டோரியா லைனோ பிறந்த நாளிலிருந்தே கார்டைக் கண்டதில்லை. 1968 செப்டம்பர் 1 அன்று ஓடத் தொடங்கியபோதே ரயில் தானாக ஓடித் தானாக நின்றது. முன்னால் இருந்தவர் கதவை மூடிவிட்டு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். அதே நகரத்தில் நார்தர்ன் லைனில் மட்டும் கார்ட் 2000 ஜனவரி 27 வரை இருந்தார். கடைசிப் பெட்டியின் கடைசிக் கதவருகே, பயணிகளோடு பயணியாக நின்று, கதவுகளைத் திறந்து மூடி, ஓட்டுநருக்கு மணி அடிப்பார். இரவு கடைசி ரயிலில் தனியாகப் போகிற பெண்கள் அந்தப் பெட்டியைத் தேடி ஏறுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போனவற்றில் இது ஒன்று உண்மையாகவே இழப்பு என்று எனக்குப் படுகிறது.

*

1984 ஜூலை வரை டியூப் பெட்டிக்குள் சிகரெட் பிடிக்கலாம்! அதற்கென்றே தனிப் பெட்டிகள் இருந்தன. 1985இல் சுரங்க நிலையங்களிலும் தடை வந்தது. சட்டம் வந்ததே தவிர பழக்கம் போகவில்லை. மேலே ஏறிப் போகும்போதே, வாசலை எட்டும் முன், எஸ்கலேட்டரில் நின்று தீக்குச்சி உரசுவார்கள்.

அந்த எஸ்கலேட்டர்கள் மரத்தாலானவை. படிகள் மரம், பக்கவாட்டுப் பலகைகள் மரம். கால் வைத்தால் கடகடவென்று ஒரு முனகல், எண்ணெய் கலந்த பழைய மரவாசனை. இன்று முதியவர்கள் சொக்கிப்போய்ச் சொல்லும் வாசனை அதுதான்.

1987 நவம்பர் 18 மாலை, கிங்ஸ் கிராஸில் பிக்காடில்லி லைனிலிருந்து மேலே வரும் எஸ்கலேட்டரில், படிக்கும் பக்கப் பலகைக்கும் இடையே இருந்த இடுக்கு வழியாக ஒரு தீக்குச்சி கீழே விழுந்தது. அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கிரீஸ், தூசி, தலைமுடி, காகிதத் துணுக்கு. முதலில் பார்த்தவர்களுக்கு அது அட்டைப்பெட்டி ஒன்று எரிகிற அளவுத் தீயாகத்தான் தெரிந்தது. கால் மணி நேரத்துக்குள் டிக்கெட் மண்டபம் முழுவதும் நெருப்பு. 31 பேர் இறந்தார்கள். சாய்ந்த பள்ளத்துக்குள் எரியும் தீ, மேல்நோக்கி எழாமல் சரிவோடு படுத்துக்கொண்டு விரைகிறது என்பதை விசாரணையின்போதுதான் கண்டுபிடித்தார்கள். மாதிரி எஸ்கலேட்டர் கட்டி எரித்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

நிலத்தடி நிலையங்களிலிருந்து மரம் அகற்றப்பட்டது. கடைசி மர எஸ்கலேட்டர் தரைக்கு மேலே உயர்ந்த பிளாட்பாரம் கொண்ட கிரீன்ஃபோர்டில் 2014 மார்ச் வரை தப்பியிருந்தது. அந்த வாசனைக்காக ஏங்குகிறவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. ஆனால் அது திரும்பி வர வேண்டும் என்று யாராவது சொன்னால் கிங்ஸ் கிராஸ் மண்டபத்தில் இருக்கும் நினைவுப் பலகையைக் காட்டுவேன்.

*

லண்டன் சுரங்க ரயிலின் முதல் எஸ்கலேட்டர் 1911இல் ஏர்ல்ஸ் கோர்ட்டில் வந்தது. ஒற்றைக்கால் மனிதர் ஒருவரை நாள் முழுதும் அதில் ஏற்றி இறக்கி, "இவரே போகிறார், உங்களுக்கு என்ன பயம்?" என்று காட்டினார்களாம். கதை அருமை. ஆதாரம்தான் வலுவில்லை.

*

அதற்கும் முன்பே, 1906இல், ஹோலோவே ரோட் நிலையத்தில் சுழன்று சுழன்று ஏறும் எஸ்கலேட்டர் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். பொதுமக்கள் ஒருநாளும் அதில் ஏறவில்லை. அதன் துருப்பிடித்த மிச்சம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கேயே அகப்பட்டது. இப்போது போக்குவரத்து அருங்காட்சியகத்தின் ஆக்டன் கிடங்கில் இருக்கிறது.

*

பிக்காடில்லி லைன் ஒரு காலத்தில் ஃபின்ஸ்பரி பார்க்கோடு முடிந்தது. அதற்கு வடக்கே இருந்தவர்கள் எல்லோரும் அங்கே இறங்கி, பஸ்ஸுக்கும் டிராமுக்கும் அடிபட்டார்கள். வடக்கே நீட்டக் கூடாது என்ற பழைய தடையுரிமை மெயின்லைன் ரயில் கம்பெனியின் கையில் இருந்தது. 1923இல் வரி கட்டுவோர் சங்கத்தினர் சுமார் 30,000 கையெழுத்தோடு மனு கொடுத்தார்கள். 1932 செப்டம்பரில் ரயில் ஆர்னோஸ் குரோவ் வந்தது, மறு ஆண்டு காக்ஃபாஸ்டர்ஸ் போனது.

நம்மவர்கள் 34ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கும் ஆர்னோஸ் குரோவ், கட்டடக் கலைஞர் சார்லஸ் ஹோல்டன் கட்டியது. வட்டமான செங்கல் மண்டபம், நடுவே ஒரே தூண், அந்தத் தூணைச் சுற்றி ஒரு சின்னக் கூண்டு. அந்தக் கூண்டுக்குள் ஆள் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பார். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோரும் அவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். கூண்டு இருக்கிறது, ஆள்தான் இல்லை. அவசரத்தில் அட்டையைத் தட்டிவிட்டு ஓடுகிறவர்கள் ஒருநாள் அண்ணாந்து பாருங்கள்.

எட்மண்டன் கிரீனிலிருந்து டபிள்யூ6 பஸ் போய்ச் சேரும் சவுத்கேட்டில் இன்னும் விசேஷம். எஸ்கலேட்டரின் நடுவே வரிசையாக நிற்கும் வெண்கல விளக்குத் தூண்கள் 1933இன் பாணியில் அப்படியே இருக்கின்றன. மற்ற பல நிலையங்களில் இப்படிப்பட்ட விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள். வுட் கிரீன் பிளாட்பாரச் சுவரில் காற்று வரும் துளைக்குப் போட்ட உலோகக் கம்பித்தட்டியில் காடும் மானும், டர்ன்பைக் லேனில் சுங்கச்சாவடியும் குதிரை வண்டியும். காற்றோட்டத் துளைக்குக்கூட ஒரு சித்திரம் தேவை என்று நினைத்த காலம்.

*

ஆர்சனல் நிலையத்தின் பிளாட்பாரச் சுவரில் பெரிய ஓட்டெழுத்தில் கில்லஸ்பி ரோட் என்று இருக்கும். அதுதான் பழைய பெயர். 1932இல், ஆர்சனல் கால்பந்து அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் விடாமல் கேட்டுப் பெயரை மாற்ற வைத்தார். எதிரணியான ஸ்பர்ஸின் ரசிகர்கள் நிறைந்த எட்மண்டனில் இந்தத் துணுக்கை உரக்கப் படிக்க வேண்டாம்.

*

1890இல் ஓடத் தொடங்கிய முதல் மின்சார ஆழ்சுரங்க ரயிலில் ஜன்னல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கூரையை ஒட்டி ஒரு கீற்று, அவ்வளவுதான். சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்பது கம்பெனியின் நியாயம். ஒவ்வொரு நிலையத்திலும் ஊழியர் பெயரைக் கத்துவார். மெத்தை வைத்த சிறைக்கூடம் என்று சனங்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

*

மெட்ரோபாலிட்டன் லைனில் 1910 முதல் 1939 வரை இரண்டு சொகுசுப் பெட்டிகள் ஓடின: மேஃபிளவர், கலாட்டியா. காலையில் ஏறி, மேசை விரிப்பு போட்ட மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே அலுவலகம் போகலாம். இன்று அதே லைனில் நிற்க இடம் கிடைத்தாலே விருந்து.

*

தடித்த அட்டை டிக்கெட்டை நினைவிருக்கிறதா? பெருவிரல் அகலத்தைவிடச் சற்றுப் பெரிது, ஓரத்தில் ஒரு கடி. 1830களில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ரயில் நிலைய ஊழியர் உருவாக்கிய அந்த அட்டை, லண்டன் சுரங்க ரயிலிலும் ஓடியது; சென்னை எழும்பூரிலும், கொழும்புக் கோட்டையிலும், யாழ்ப்பாணத்திலும் அதே அளவில், அதே தடிப்பில் கைமாறியது. இலங்கையில் அண்மைக்காலம் வரை அதைப் பார்த்தோம். லண்டனில் 1980களின் இறுதியில் பின்புறம் காந்தப் பட்டை பூசிய மெல்லிய சீட்டும் தானியங்கிக் கதவும் வந்தன. 2003இல் ஆய்ஸ்டர் அட்டை. 2014இல் வங்கி அட்டையையே தட்டினால் போதும் என்றாகிவிட்டது. வசதிதான். ஆனால் வந்த முதல் நாளின் டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் நம்மில் உண்டு. வங்கி அட்டை அப்படி எதையும் மிச்சம் வைப்பதில்லை.

*

பிளாட்பாரச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. காசு போட்டுச் சின்ன இழுப்பறையை இழுத்தால் கேட்பரி சாக்லேட். காசை விழுங்கிவிட்டு இழுப்பறை திறக்காமல் அடம்பிடிக்கும் நாட்களும் உண்டு. பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். குழந்தைகளோடு பயணித்த பெற்றோரில் எத்தனை பேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களோ!

*

"மைண்ட் த கேப்" என்ற எச்சரிக்கை முதலில் ஒலித்தது 1960களின் இறுதியில். வளைந்த பிளாட்பாரத்துக்கும் நேரான பெட்டிக்கும் நடுவே இடைவெளி விழும் என்பதால் வந்த எச்சரிக்கை. சொல்ல வேண்டியது நீளமாக இருக்கக் கூடாது, அன்றைய கருவியில் ஒலிப்பதிவுக்கு இடம் குறைவு. அதனால்தான் மூன்றே சொல்.

பல நிலையங்களில் ஒலித்த குரல்களில் ஒன்று நடிகர் ஆஸ்வால்ட் லாரன்ஸுடையது. காலப்போக்கில் ஒவ்வொரு நிலையமாகப் புதிய பதிவுக்கு மாறி, நார்தர்ன் லைனின் எம்பாங்க்மண்ட் நிலையத்தில் வடக்கே போகும் பிளாட்பாரத்தில் மட்டும் அவர் குரல் மிஞ்சியது. 2007இல் அவர் காலமானார். அதன் பிறகு அவருடைய மனைவி அந்த நிலையத்துக்குப் போய் உட்கார்வார். குரலைக் கேட்க அடுத்த ரயில் வரும்வரை காத்திருப்பார். 2012இன் இறுதியில் ஒருநாள் போனால் வேறு யாரோ பேசுகிறார்கள். அதிகாரிகளிடம் கேட்டார். பழைய பதிவைத் தேடி எடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், 2013இல் அந்த ஒரு பிளாட்பாரத்தில் மட்டும் அவர் குரலையே மறுபடி போட்டார்கள். இவ்வளவு பெரிய நிறுவனம் ஒருவருடைய ஏக்கத்துக்காகக் கருவியைத் திருத்தியது அபூர்வம். நேரம் இருந்தால் ஒருமுறை இறங்கிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

*

2009 செப்டம்பரில் டியூப் வரைபடத்திலிருந்து தேம்ஸ் ஆற்றைக் காணவில்லை! படம் நெரிசலாகிவிட்டது என்று நீக்கிவிட்டார்கள். லண்டன்காரர்கள் போட்ட கூச்சலில் அதே ஆண்டு முடிவதற்குள் ஆறு திரும்பி வந்துவிட்டது. 1933இல் ஹாரி பெக்கின் வரைபடம் முதன்முதலாகக் கைக்கு வந்தபோது, தரைக்கு மேலே இருப்பதில் அவர் விட்டு வைத்தது அந்த ஆறு ஒன்றைத்தான்.

*

ரயில் இல்லாத நேரத்தில் சுரங்கத்துக்குள் யார் போவார்கள்? அந்நாளில் இரவெல்லாம் பெண்கள் குழுவாக இறங்கி, தண்டவாளத்தில் சேர்ந்த தலைமுடியையும் தூசியையும் தூரிகையால் கூட்டி அள்ளுவார்கள். ரயில் போகும் வேகத்தில் நம் தலையிலிருந்தும் உடையிலிருந்தும் உதிர்வதெல்லாம் அங்கேதான் படிகிறது. பழைய படங்களில் அவர்களைப் பார்க்கலாம். பயணிகளின் ஏக்கப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாதவர்கள் இவர்கள்.

*

பழைய ரயில்கள் எங்கே போகின்றன? சிவப்பு வண்ணமும் மரச்சட்டமும் மின்னிய 1938ஆம் ஆண்டு ரயில்கள் லண்டனில் 1988இல் ஓய்வு பெற்றன. அவற்றில் சில ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போய், கடற்காற்றில் துருப்பிடித்தபடியே 2021 ஜனவரி வரை ஓடின. அந்தத் தீவில் ரைட் என்ற ஊரின் சுரங்கம் தணிவானது, சாதாரண ரயில் நுழையாது. டியூப்பின் குள்ளப் பெட்டிதான் பொருந்தும். அவை போன பிறகு வந்தவையும் லண்டன் கழித்துவிட்டதுதான்: டிஸ்ட்ரிக்ட் லைனில் ஓடிய ரயில்களைப் புதுக்கி அனுப்பினார்கள்.

இன்னொன்று: 1892இல் செய்த மெட்ரோபாலிட்டன் பெட்டி 353, நெடுங்காலம் ஓட்டமின்றிக் கிடந்தது. அதை மீட்டுச் செப்பனிட்டு, சுரங்க ரயிலின் 150ஆம் ஆண்டான 2013 ஜனவரியில் நீராவி எஞ்சினோடு கோத்துச் சுரங்கத்தில் ஓட்டினார்கள். புகை நெடியைச் சுவாசிக்கக் காசு கொடுத்து ஏறியவர்களுக்குப் பஞ்சமில்லை.

*

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் கொல்கத்தாவில், 1984 அக்டோபர் 24 அன்று, எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. மின்விசிறி சுழலும் அந்தக் காலத்து ஏசி இல்லாத ரயில்களுக்குச் சரியாக 37 ஆண்டுகள் கழித்து, 2021இல் அதே தேதியில் பிரியாவிடை கொடுத்தார்கள். சென்னைக்கு 2017 மே மாதம்தான் சுரங்கப் பாதை வந்தது. ஏங்குவதற்கு இன்னும் வயதாகவில்லை.

*

கடைசியாக, இன்னும் போகாத ஒன்று. பிக்காடில்லி லைன் ரயில்கள் 1975இல் ஓடத் தொடங்கியவை. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பாதை வரப்போகிறது என்று தெரிந்தே, கதவருகே பெட்டி படுக்கை வைக்க இடம் விட்டுச் செய்தார்கள். 1977 டிசம்பரில் பாதை திறந்தது. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் சூட்கேஸை வைத்து, அதன்மேல் ஒரு கையை வைத்து, வுட் கிரீன் எப்போது வரும் என்று கேட்டபடி வந்தவர்களில் எட்மண்டன்காரர்கள் நிறையப் பேர். அந்த ரயில்களுக்குப் பதிலாக ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனி புதியவற்றைச் செய்கிறது. பெட்டிக்குப் பெட்டி உள்ளேயே நடந்து போகலாம். டியூப்பின் ஆழ்சுரங்க லைன்களில் குளிரூட்டியோடு ஓடப்போகும் முதல் ரயில் அதுதான். ஜூலை மாத மாலையில் டர்ன்பைக் லேனுக்கும் மேனர் ஹவுஸுக்கும் நடுவே வியர்த்து நின்றவர்கள், பழையதன் படத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.